மலையடியில் விட்ட வீடு

'வீடு' என்னும் சொல்லை மாணவர்க்கு விளக்கும்போது, 'விடு' என்னும் முதனிலை நீண்டு தொழிற்பெயராயிற்று என்று கூறுவோம். கெடு கேடு ஆவதும், சுடு சூடு ஆவதும் போல, விடு வீடாயிற்று என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த சூத்திரத்துக்குப் போய்விடுவோம். நாம் உறையும் இல்லத்தையும், பற்றனைத்தும் விட்ட பேற்றையும் ஒரே சொல்லாற் குறித்தல் எவ்வாறு பொருந்தும் என்று யாரேனும் எழுந்து கேட்டால் ஆசிரியன் பாடு சங்கடந்தான். என் வகுப்பிலே ஒருமுறை ஒரு மாணவி கேட்டாள். அன்று யான் சொன்ன விடை அவளுக்குப் போதுமானதாயிருந்தது, எனக்குப் போதவில்லை. பல ஆண்டுகளின் பின், தமிழ் வழங்காத ஒரு மலைநாட்டிலே, சக்கரம் பூட்டிய ஒரு வீட்டின் படிக்கட்டில் இருந்தபோது அவ்வினாவுக்கு ஒருவாறு விடை கிடைத்தது. அதனையே இங்குச் சொல்லப் புகுகின்றேன்.

இருபத்தைந்து அடி இல்லம்

2018ஆம் ஆண்டு யூலை மாத இறுதியில், கனடாவின் கல்கரி நகரிலே என் மூத்த நண்பர் ஒருவர் இல்லத்தில் விருந்தினனாகத் தங்கியிருந்தேன். யாழ்ப்பாணத்தில் யான் ஆசிரியப் பணி தொடங்கிய கல்லூரியிலே அவர் புவியியல் கற்பித்தவர். என்னினும் பதினைந்து ஆண்டு மூத்தவர். அந்நாளில் ஊர் முழுவதும் அவரை 'மாஸ்ரர்' என்றே அழைக்கும். கடல் கடந்தும் அப்பெயர் அவரை விட்டுப் போகவில்லை. அவருடைய துணைவியார் எனக்கு அன்றும் இன்றும் 'அக்கா'.

ஓய்வு பெற்றபின் மாஸ்ரர் பழைய 'ஆர்.வி.' ஒன்றை வாங்கியிருந்தார். வட அமெரிக்காவில் முதியோர் பலர் இத்தகைய வண்டியோடு மாதக்கணக்காக ஊர்சுற்றுவர். ஒரு சிறு லொறியின் அடிச்சட்டத்தின்மேல் ஒரு வீட்டைத் தூக்கி வைத்தாற்போன்றது அது. சாரதியின் தலைக்கு மேலே ஒரு படுக்கை. பின்புறத்தே மற்றொரு படுக்கை. இடையிலே அடுப்பு, குளிரூட்டும் பெட்டி, பாத்திரம் கழுவும் தொட்டி, மடக்கி வைக்கும் மேசை. ஒரு மூலையில் குளிக்கும் அறையும் மலசலகூடமும். தரைக்கு அடியில் மூன்று தாங்கிகள் உள்ளன. ஒன்று நன்னீருக்கு, மற்றொன்று கழுவிய நீருக்கு, மூன்றாவது மலசலத்துக்கு. இரண்டாவதைச் 'சாம்பல் நீர்' என்றும் மூன்றாவதைக் 'கரு நீர்' என்றும் வழங்குவர். ஊரில் எங்கோ போய்விடுகின்றது என்று நாம் மறந்திருக்கும் கழிவினை, இங்கே வீட்டுக்காரர் தாமே குழாய் பூட்டிக் குறித்த இடத்தில் இறக்க வேண்டும். "வீடு வைத்திருக்கிறதெண்டால் என்னவெண்டு இந்தக் குழாய் பிடிக்கேக்கைதான் விளங்கும்" என்று மாஸ்ரர் சிரித்தார். வண்டியின் நீளம் 25 அடி. இந்த எண்ணை வாசகர் நினைவில் வைத்திருத்தல் வேண்டும்.

அமெரிக்காவின் மொன்ரானா மாநிலத்திலுள்ள கிளேசியர் தேசியப் பூங்காவுக்கு நான்கு நாட் பயணம் செல்வதென்று முடிவாயிற்று. அக்கா நாற்பது நாளைக்கு வேண்டிய பண்டம் ஏற்றினார். இடியப்ப உரல், புட்டுக்குழல், திருவலை, அரிசிமா, மிளகாய்த்தூள், நெத்தலிக் கருவாடு, சுவாமிப் படங்கள், பிள்ளைகளின் படங்கள் ஒட்டிய ஆல்பம் இரண்டு. இவற்றோடு ஒரு தகரப்பெட்டியும் இருந்தது. அதனுள் ஊர்க்காணி உறுதிகள். மலை பார்க்கப் போகும் நமக்குக் காணி உறுதி எதற்கென்று கேட்டுவிட்டேன்.

"தம்பி, வீடு எங்களோடை வந்தால் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை" என்றார் அக்கா.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்காகப் பெயர்ந்து, மழையிலே தென்மராட்சி நோக்கி நடந்த இரவை நம் வாசகருக்கு விரிக்க வேண்டியதில்லை. அந்தக் கூட்டத்திலே இவ்விருவரும் இருந்தனர். மாஸ்ரர் சைக்கிளில் மாமியாரை இருத்தித் தள்ளிக்கொண்டு போனார். அக்காவின் கையில் ஒரு பை. பாதி காய்ச்சிய பால் அடுப்பிலேயே இருந்தது. மறு ஆண்டு திரும்பி வந்தபோது சுவர்கள் நின்றன. கூரையும் கதவுகளும் இல்லை. அதற்குப் பின்னரே அவர்கள் கனடாவுக்குப் புலம்பெயர்ந்தனர். ஆதலால், உருளும் வீடு ஒன்று அக்காவுக்குப் பொழுதுபோக்கு வாகனமன்று.

எல்லையிற் போன கறிவேப்பிலை

கல்கரியிலிருந்து தெற்கே நெடுஞ்சாலை சமதரையிலே ஓடுகின்றது. இருமருங்கும் கோதுமையும் கடுகினத்துக் கனோலாவும் விளையும் வயல்கள். காட்ஸ்ரன் என்னும் சிற்றூரைக் கடந்ததும் மேற்கே மலைகள் எழுகின்றன. நம் மலைநாட்டிற்போலக் குன்றுகள் படிப்படியாய் உயர்ந்து மலையாவதை அங்கே காணமுடியாது. புல்வெளி முடியும் இடத்திலே சுவர் எழுப்பினாற்போல மலை நிற்கின்றது. அச்சுவரினின்றும் சற்று முன்வந்து தனியே நிற்பது 'சீவ் மவுண்ரின்' என்னும் தலைவன் மலை. 9,080 அடி உயரமுள்ள அம்மலை அந்நிலத்தின் பழங்குடிகளான பிளாக்பீற் மக்களுக்குத் திருத்தலமாகும்.

எல்லையில் அமெரிக்க அதிகாரி வண்டிக்குள் ஏறிக் குளிரூட்டும் பெட்டியைத் திறந்தார். கறிவேப்பிலை அகப்பட்டுவிட்டது. தோடை, தேசி இனங்களை அழிக்கும் நோயொன்றைக் காவும் சிறு பூச்சி கறிவேப்பிலையிலும் வாழ்வதனால், பச்சைக் கறிவேப்பிலை அந்நாட்டுக்குள் நுழைய இயலாது. அதிகாரி பணிவோடு காரணம் கூறி எடுத்துக்கொண்டார். அக்காவின் முகம் வாடிற்று. "முதல் சோதனைச் சாவடியிலேயே ஒண்டு போட்டுது" என்றார். மாஸ்ரர் ஒன்றும் பேசாமல் வண்டியைச் செலுத்தினார்.

கிளேசியர் தேசியப் பூங்கா 1910ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள் நிறுவப்பட்டது. பரப்பு பத்து இலட்சம் ஏக்கருக்குச் சற்று மேல். அதன் வட எல்லையில் கனடாவின் வாட்டர்ற்றன் பூங்கா இருக்கின்றது. 1932இல் இரு நாடுகளும் இவற்றைச் சேர்த்துச் சர்வதேச சமாதானப் பூங்கா என்று அறிவித்தன. உலகிலே அவ்வகையில் முதன்முதல் ஏற்பட்டது இதுவேயாகும். மாஸ்ரருக்கோ இவையெல்லாம் இரண்டாம் பட்சம். அவரை இழுத்தது வேறொன்று. வட அமெரிக்காவின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து, கண்டத்தின் நீர்பிரிமேட்டை வெண்கட்டியாற் கீறி, "இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்த துளி பசுபிக்குக்கு, அந்தப் பக்கம் விழுந்த துளி வேறு கடலுக்கு" என்று இருபது ஆண்டு கற்பித்தவர் அவர். அந்தக் கோட்டைக் கண்ணாற் காணவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

கருவாடும் கரடியும்

பூங்காவின் கீழ்வாயிலில் சென் மேரி என்னும் இடத்து முகாமிலே வண்டியை நிறுத்தினோம். அங்கே மின்னிணைப்பு இல்லை. தண்ணீர்க் குழாய் இணைப்பும் இல்லை. அவ்வண்டிக்கு அதன் சொந்த மின்கலமும் தாங்கிகளுமே துணை. தரை சற்றுச் சரிவாயிருந்தமையாற் சக்கரங்களின் கீழே கட்டைகள் வைத்து மட்டம் பார்த்தோம். மட்டம் பிழைத்தால் குளிரூட்டும் பெட்டி ஒழுங்காய் இயங்காதாம்.

அக்கா சிறு எரிவாயு அடுப்பை வெளியே வைத்துக் கருவாடு பொரித்தார். பைன் மரங்களின் மணத்தோடு நெத்தலி மணமும் கலந்து எழுந்தது. உண்டு முடித்துச் சட்டியை வெளியே வைத்துவிட்டு நீரோடையைப் பார்க்கப் புறப்படும்போது, வனக்காவலர் ஒருவர் புன்னகையோடு வந்து நின்றார். சட்டி, அடுப்பு, எண்ணெய்ப் போத்தல், பாத்திரம் துடைத்த துணி வரையில் யாவற்றையும் வண்டிக்குள்ளே வைத்துப் பூட்டவேண்டும் என்றார். மனிதர் அருகில் இல்லாதபோது மணமுள்ள பொருளெதுவும் வெளியே இருத்தலாகாது.

இவ்விதிக்குப் பின்னே ஒரு துயரம் உண்டு. 1967ஆம் ஆண்டு ஓகஸ்ட் 13ஆம் நாள் விடியுமுன், ஒரே இரவிலே, அப்பூங்காவின் இரு வேறிடங்களிற் படுத்திருந்த இரு இளம் பெண்களை இரு வேறு கிறிஸ்லிக் கரடிகள் கொன்றன. பூங்கா தோன்றிய நாள் முதல் கரடியால் எவரும் இறந்ததில்லை. ஆராய்ந்தபோது, அவ்விடங்களில் எச்சில் உணவுக்கும் குப்பைக்கும் கரடிகள் பழகியிருந்தமை தெரியவந்தது. ஓரிடத்தில் மக்கள் கண்டு களிப்பதற்காகவே கரடிகள் வரும் இடத்தில் எச்சிலைக் கொட்டி வந்தனர். பிழை மனிதருடையது. அதன்பின்னரே சட்டங்கள் கடுமையாயின. இப்போது கரடிக்கும் நமக்கும் இடையே 100 யார் தூரம் இருத்தல் வேண்டும் என்பது விதி. அக்கா சட்டியைத் தேய்த்துக் கழுவி உள்ளே வைத்தபடி, "நல்ல சட்டம். எங்கடை சாமானை நாங்கள்தானே உள்ளுக்கு வைக்க வேணும்" என்றார்.

அன்றிரவு பெருங்காற்று எழுந்தது. மலையின் கீழ்ப்புறம் காற்றுக்குப் பேர்போனது. இருபத்தைந்து அடி வண்டியும் தொட்டில்போல அசைந்தது. நடு இரவில் யான் விழித்தபோது மேசையருகே நிழல் ஒன்று தெரிந்தது. அக்கா முழு உடுப்போடு, செருப்பும் அணிந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். தகரப்பெட்டி காலடியில் இருந்தது. "நித்திரை வரேல்லையோ அக்கா?" என்றேன். "காத்துச் சத்தம் கேட்டால் வெளிக்கிட்டு இருந்து பழகிப் போச்சுது. நீர் படும்" என்றார். மேற்படுக்கையில் மாஸ்ரரின் குறட்டை கேட்கவில்லை. அவரும் விழித்திருந்தார் என்பதை அறிந்துகொண்டேன்.

இருபத்தொரு அடிச் சட்டம்

பூங்காவைக் கிழக்கு மேற்காய் ஊடறுத்துச் செல்லும் சாலைக்கு 'கோயிங் டு த சன்' என்று பெயர். கதிரவனிடம் செல்லும் சாலை என்பது பொருள். பக்கத்திலுள்ள அதே பெயருடைய மலையினின்றும் சாலைக்கு அப்பெயர் வந்தது. நீளம் ஏறக்குறைய 50 மைல். 1921இல் தொடங்கிய வேலை 1932இல் முடிந்தது. 1933 யூலை 15இல் திறப்பு விழா நடந்தது. முதலில் வரைந்த திட்டம் ஒன்றின்படி மேற்குச் சரிவிலே பதினைந்து கொண்டையூசி வளைவுகளைக் கொண்டு ஏறுவதாயிருந்தது. தோமஸ் வின்ற் என்னும் நிலத்தோற்றக் கலைஞர் அதனை மறுத்தார். அத்தனை வளைவுகள் மலைமுகத்தையே கீறிவிடும் என்பது அவர் கருத்து. அவர் சொன்னவாறே மலைச்சுவரை ஒட்டியபடி, ஒரே வளைவோடு சாலை ஏறிச் செல்கின்றது. செலவு கூடியது, மலை காயப்படவில்லை. இத்தகைய முடிவை எடுக்கக்கூடிய பொறியியல் எந்நாட்டுக்கும் அணிகலமாகும்.

ஆயின், மலையைக் காப்பதற்காக ஒடுங்கிய சாலை, பெரிய வண்டிகளைக் கொள்ளாது. அதன் உயர்ந்த பகுதியிலே 21 அடிக்கு மேல் நீளமுள்ள வாகனமோ, பக்கக் கண்ணாடிகள் உட்பட 8 அடிக்கு மேல் அகலமுள்ள வாகனமோ செல்லலாகாது. சிலவிடங்களிற் பாறை கூரைபோல நீண்டிருத்தலால் உயர்ந்த வண்டிகளும் இடர்ப்படும். நம் வண்டியோ 25 அடி. மாஸ்ரர் இதனை முன்னரே அறிவார், அக்காவிடம் சொல்லவில்லை. காலையிற் பயணிகள் நிலையத்திலே அறிவித்தலைக் கண்டபோதுதான் அக்காவுக்குத் தெரிந்தது.

"அப்ப வண்டியை?"

"இஞ்சை முகாமிலை விட்டிட்டு, பேருந்திலை போட்டு வருவம்."

அக்கா சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "நீங்கள் ரண்டு பேரும் போட்டு வாங்கோ. நான் வீட்டோடை இருக்கிறன்" என்றார்.

மாஸ்ரர் வாதிடவில்லை. "அப்ப நானும் நிக்கிறன்" என்று கூறி, முகாமுக்குத் திரும்பி, மேசையில் அமர்ந்து வெங்காயம் உரிக்கத் தொடங்கினார். கோபம் இல்லை, மனைவியை நோகச் செய்யவேண்டும் என்னும் எண்ணமும் இல்லை. 1995க்குப் பின் ஒருநாளாவது அவளை வீட்டோடு தனியே விட்டுப் போவதில்லை என்பது அவர் தமக்குள் வகுத்துக்கொண்ட விதி என்று பின்னர் எனக்குச் சொன்னார். யான் வெளிப்படிக்கட்டில் அமர்ந்து மலையைப் பார்த்தேன். முதலிலே சொன்ன படிக்கட்டு அதுதான். கால்மணி நேரம் கத்தியின் ஓசையன்றி வேறோசை இல்லை.

"இஞ்சாருங்கோ" என்றது அக்காவின் குரல். "எத்தினை வரிசம் அந்தக் கோட்டைப் போர்டிலை கீறினனீங்கள்?"

"இருபது."

"கத்தியை வையுங்கோ. வெளிக்கிடுவம்."

எரிவாயுவை அடைத்தாரா என்று இருமுறை பார்த்தார். யன்னல்களைப் பூட்டினார். தகரப்பெட்டியைக் கையில் எடுத்தார். சற்றுப் பொறுத்து, படுக்கையின் கீழே வைத்தார். கைப்பையை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினார்.

இல்லாளின் கூடாரம்

நாங்கள் ஏறிய சிறு பேருந்திலே வழிகாட்டியாய் வந்தவர் பிளாக்பீற் இனத்தவர். கரிய பாதத்தர் என்பது அப்பெயரின் பொருள். பூங்காவின் கிழக்கு எல்லையை அடுத்தே அவர்களுடைய ஒதுக்கீட்டு நிலம் இருக்கின்றது. அவர்கள் இம்மலைத் தொடரை 'உலகின் முதுகெலும்பு' என்று அழைப்பர்.

சென் மேரி ஏரியின் கரைவழியே பேருந்து சென்றது. பத்து மைல் நீளமான அந்நீர்ப்பரப்பின் நடுவே மரம் நிறைந்த சிறு தீவொன்று உண்டு. 2015இல் எரிந்த காட்டின் மரங்கள் சாம்பல் நிறத் தூண்களாய் நின்றன. அவற்றினடியிலே ஊதா மலர்கள் பூத்துக் கிடந்தன. வழிகாட்டி தம் முன்னோர் வாழ்க்கையைக் கூறலானார். எருமைத் தோலாலான 'திப்பி' என்னும் கூம்புக் கூடாரமே அவர்களின் வீடு. வாயில் கிழக்கு நோக்கியிருக்கும். பயணம் புறப்படும்போது கூடாரக் கம்புகளையே இழுவைச் சட்டமாகக் கட்டி, அதன்மேற் பொருள்களை ஏற்றுவர். குதிரை வருமுன் நாய்களே அதனை இழுத்தன. கூடாரத்தை அமைப்பதும், எழுப்புவதும், பிரிப்பதும் பெண்டிர். அதன் உடைமையும் பெண்டிர்க்கே.

யான் இதனை மொழிபெயர்த்துக் கூறியபோது அக்கா நிமிர்ந்து அமர்ந்தார். நம் மொழியிலும் அப்படித்தானே. 'இல்லாள்' என்றால் வீட்டுக்கு உரியவள். அதற்கு நேரான ஆண்பாலாக 'இல்லான்' என்று சொன்னாலோ, ஒன்றுமில்லாதவன் என்று பொருள்படும். யான் இதனைச் சொல்ல, மாஸ்ரர் தம் வெறுங்கைகளை விரித்துக் காட்டினார். பேருந்தில் அக்காவின் முதற் சிரிப்பு அப்போதுதான் கேட்டது.

ஆயின், வழிகாட்டி சொன்ன அடுத்த செய்தி சிரிப்புக்குரியதன்று. 1880களின் தொடக்கத்திலே எருமை மந்தைகள் அற்றுப்போயின. 1883-84 குளிர்காலத்தில் அவ்வினத்தவர் நூற்றுக்கணக்கானோர் பட்டினியால் மாண்டனர். அவ்வாறு மெலிந்திருந்த மக்களிடமிருந்து 1895இல் 15 இலட்சம் டொலருக்கு மலைநிலம் வாங்கப்பட்டது. வேட்டையாடவும், மீன் பிடிக்கவும், மரம் வெட்டவும் அவர்களுக்கு உரிமை உண்டென்று உடன்படிக்கையில் எழுதப்பட்டிருந்தது. 1910இல் அந்நிலத்தின் ஒரு பகுதி பூங்காவானதும், அங்கே அவ்வுரிமைகள் ஒழிந்தன என்று அரசு கொண்டது. அவர்கள் இன்றளவும் அதனை ஏற்கவில்லை.

அக்கா என்னிடம் மெல்லக் கேட்டார்: "இவையள் விட்டதோ, பறிச்சதோ தம்பி?"

பசித்திருந்தவன் கையொப்பமிட்டதை என்னென்று சொல்வது? யான் விடை கூறவில்லை.

நீர்பிரியும் இடம்

ஜக்சன் பனிக்கட்டியாற்றைச் சாலையிலிருந்தே காணக்கூடிய ஓரிடத்திற் பேருந்து நின்றது. வெண்ணிறத் துணியொன்று மலைமடியிற் கிடந்தாற்போலத் தோன்றிற்று. இப்பூங்காவின் பெயரே 'கிளேசியர்', அதாவது பனிக்கட்டியாறு. 1850ஆம் ஆண்டளவில் இங்கே ஏறக்குறைய 150 பனிக்கட்டியாறுகள் இருந்தன என்று மதிப்பிட்டுள்ளனர். 2015இல் அளந்தபோது, பனிக்கட்டியாறு எனத்தக்க அளவுடையவை 26 மட்டுமே. 2020க்குள் எல்லாம் மறைந்துவிடும் என்று பயணிகள் நிலையத்திலே எழுதி வைத்திருந்தனர். அவ்வாறு நிகழவில்லை, பின்னர் அவ்வறிவித்தலை எடுத்துவிட்டனர். காலக்கணிப்புப் பிழைத்ததேயன்றி, உருகுதல் நிற்கவில்லை. "பனி போனபிறகும் பெயர் நிக்கும். ஊர்ப்பெயரும் அப்படித்தானே" என்றார் மாஸ்ரர்.

408 அடி நீளமான சுரங்கத்தைக் கடந்து லோகன் கணவாயை அடைந்தோம். உயரம் 6,646 அடி. நம் பிதுருதலாகலையினும் குறைந்ததே. ஆயினும் வடக்கு நிலமாதலால் யூலை இறுதியிலும் பனித்திட்டுகள் கிடந்தன. கணவாயின் அருகே குளிர்காலப் பனி சில ஆண்டுகளில் 80 அடிவரை குவியுமாம். அதனை வெட்டி நீக்கிச் சாலையைத் திறப்பதற்குள் யூன் முடிந்துவிடுவதும் உண்டு. பனி விலகிய இடமெங்கும் மஞ்சள் மலர்கள். வாகனத் தரிப்பிடத்திலே வெள்ளைச் சடைகொண்ட மலையாடு ஒன்று கார்களின் கீழே நக்கித் திரிந்தது. இயந்திரம் உறையாதிருக்க ஊற்றும் திரவம் சொட்டிய இடங்களையும், உப்புப் படிந்த இடங்களையும் அவை நாடி வருமாம். தமிழ் நூல்கள் கூறும் வரையாட்டுக்கும் இதற்கும் இனம் வேறு; இரண்டும் நிற்கும் பாறையின் செங்குத்து ஒன்றே.

மாஸ்ரர் ஆட்டையும் பார்க்கவில்லை, மலரையும் பார்க்கவில்லை. நீர்பிரிமேட்டைக் குறிக்கும் பலகையின் முன்னே போய் நின்றார். பின்பு, இருபது ஆண்டு வகுப்பெடுத்த அதே குரலிலே தொடங்கினார். "இந்தப் பக்கம் உருகிற தண்ணி மேற்கை போய், பிளாற்கெட் ஆற்றோடை சேர்ந்து, கொலம்பியா ஆற்றிலை விழுந்து, பசுபிக் சமுத்திரத்துக்குப் போகும். அந்தப் பக்கம் உருகிறது நாங்கள் வந்த ஏரிக்கை இறங்கி, வடக்கை திரும்பிக் கனடாவுக்கை போய், ஹட்சன் குடாவிலை விழும். உங்கை தென்கிழக்கிலை 8,020 அடியிலை ஒரு கொடுமுடி இருக்குது. அங்கை மூண்டாப் பிரியும். ஒரு பக்கத்துத் தண்ணி மிசூரி ஆற்றோடை மெக்சிக்கோக் குடாவுக்குப் போகும்."

"அப்ப எங்கடை ஏரித் தண்ணி கனடாவுக்குத்தான் போகுதோ?" என்றார் அக்கா.

"ஓம்."

"கறிவேப்பிலையைப் பறிச்சவையள் தண்ணியைப் பறிக்கேல்லை."

மாஸ்ரர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு மரப்படிகளில் ஏறினார். மறைந்த ஏரி எனப் பெயர்பெற்ற நீர்நிலையை மேலிருந்து பார்க்கும் இடம்வரை ஏறக்குறைய ஒன்றரை மைல். முழங்கால் நோவுடைய அக்கா மூன்றிடங்களில் அமர்ந்து எழுந்தார். திரும்புவோம் என்று ஒருமுறையேனும் சொல்லவில்லை. உச்சியில் நின்றபோது காற்று வீசிற்று. கீழே நீலநிறத்தில் ஏரி கிடந்தது. யாரும் பேசவில்லை.

விட்டதும் இழந்ததும்

பேருந்தில் இறங்கி வரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அக்கா திடீரெனக் கைப்பையைத் துழாவினார். வண்டித் திறப்பு அகப்பட்டது. அதனைக் கையில் வைத்துப் பார்த்தவண்ணம், "வெளிக்கிட்ட நேரந்தொட்டு வண்டியை ஒருக்காலும் நினைக்கேல்லை, தம்பி" என்றார். வியப்போடு சொன்னாரா, குற்றவுணர்வோடு சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை. சற்று நேரத்தின் பின் தமக்குத் தாமே சொல்வதுபோல, "இதுதான் நான் பூட்டிப்போட்டு வந்த முதல் வீடு" என்றார்.

அச்சொல்லிலேதான் என் மாணவியின் வினாவுக்கு விடை இருந்தது. 1995இல் அக்கா வீட்டை விடவில்லை, இழந்தார். விடுதல் என்பது உரிமையுடையார் செய்யும் செயல். கதவைப் பூட்டுவதற்கு நேரமும், திரும்பி வரலாம் என்னும் உறுதியும், தன் விருப்பமும் உடையவரே ஒன்றை விட்டுச் செல்ல வல்லவர். துரத்தப்பட்டவரிடமிருந்து பறிக்கப்படுவது கூரையும் கதவும் மட்டுமன்று. விடும் உரிமையும் பறிக்கப்படுகின்றது. அதனாலேதான் இருபத்துமூன்று ஆண்டு அவர் எதனையும் கைவிட இயலாதவராய், உறுதிப்பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு விழித்திருந்தார். வழிகாட்டியின் முன்னோருக்கும் நேர்ந்தது அதுவே.

நம்பிக்கையோடு விட்டுச் செல்லக்கூடிய இடமே வீடு. அவ்வாறு விட்டுச் செல்லும் நெஞ்சின் நிலையும் வீடுதான். இரு பொருளையும் ஒரு சொல்லில் அடக்கிய நம் முன்னோர் பிழை செய்யவில்லை. ஞானியர் கூறும் பெருவீட்டைப்பற்றிப் பேச யான் தகுதியுடையேன் அல்லேன். எனக்குத் தெரிந்தது மலையடியில் ஒரு நாட்பொழுது விட்ட சிறுவீடு ஒன்றே.

முகாமை அடைந்தபோது வண்டி விட்டபடியே நின்றது. உரித்த வெங்காயம் மேசையில் வாடிக் கிடந்தது. அக்கா அதனை அரிந்து, கறிவேப்பிலை இல்லாமலே ஒரு குழம்பு வைத்தார். உண்டபின் சட்டியை மறவாமல் உள்ளே வைத்தோம். அன்றிரவும் காற்று எழுந்து வண்டியை அசைத்தது. பழக்கத்தால் யான் விழித்துப் பார்த்தேன். மேசையருகே யாரும் இல்லை. கைப்பை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மேற்படுக்கையில் மாஸ்ரரின் குறட்டை கேட்டது.